புக்மார்க் எக்ஸ்போர்ட் ஆகலைங்களா? எங்கே சிக்குதுன்னு பாருங்க

திருப்பூர்ப் பக்கம் எக்ஸ்போர்ட் என்றால் பனியன் பெட்டி லாரி ஏறித் தூத்துக்குடி போவது. இங்கே பேசப்போவது அதே பெயரில் இருக்கும் ஒரு சின்ன சோலி: பிரவுசரில் நட்சத்திரக் குறியை அழுத்திச் சேர்த்துவைத்த முகவரிகளை, அதாவது புக்மார்க்குகளை, ஒரே ஃபைலாக வெளியே எடுப்பது. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அது சரியாக நடக்கவில்லை என்பது, பழைய சிஸ்டத்தை ஃபார்மட் அடித்த மறுநாள்தான் பெரும்பாலும் தெரியவரும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால், கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் கரூரிலும் ஆபீஸ் ஆபீஸாக சிஸ்டம் மாற்றும் வேலை நடக்கிறது. ஒரு கணக்கர் மேஜையில் ஜிஎஸ்டி, ஐஸ்கேட், டிஜிஎஃப்டி, பிஎஃப், பத்திரப்பதிவு, மின்கட்டணம் என்று இருநூறு முகவரியாவது சேர்ந்திருக்கும். நாமக்கல்லில் இருந்தால் முட்டை விலைப் பக்கமும் அதில் ஒன்று. இவற்றை மறுபடி ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது வீண்வேலை. அதனால் பழைய டிஸ்கைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுவது நல்லது.

முதலில், ஒழுங்காக நடந்தால் எப்படி நடக்கும்

குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் திறக்கும். அது ஆங்கில எழுத்து ஓ, பூஜ்யம் அல்ல. இங்கேதான் முதல் தடுமாற்றம், ஏனென்றால் அந்தத் திரையில் மூன்று புள்ளி மூன்று இடத்தில் இருக்கும். பிரவுசரின் வலது மேல் மூலையில் இருப்பது குரோமின் மொத்த மெனு. ஒவ்வொரு புக்மார்க் வரியின் கடைசியிலும் இருப்பது அந்த ஒரு புக்மார்க்குக்கு மட்டும். நமக்கு வேண்டியது தேடல் கட்டம் இருக்கும் அதே பட்டையின் வலது ஓரத்தில், மூலை மெனுவுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதை அழுத்தினால் 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்' வரும். 'மூணு புள்ளியை அமுத்தியாச்சுங்க, எக்ஸ்போர்ட்டே இல்லீங்க' என்பவர்கள் பெரும்பாலும் மூலையில் இருப்பதைத்தான் அழுத்தியிருப்பார்கள்.

எட்ஜில் இதற்குப் பெயர் ஃபேவரிட்ஸ். குறுக்குவழி அதேதான். திறக்கும் பட்டியலின் மேலே உள்ள மூன்று புள்ளியில் 'எக்ஸ்போர்ட் ஃபேவரிட்ஸ்' இருக்கும். பிரேவ் போன்ற பிரவுசர்கள் குரோமின் அடித்தளத்திலேயே கட்டியவை, வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபயர்ஃபாக்ஸில் விண்டோஸில் அதே குறுக்குவழி 'லைப்ரரி' என்ற ஜன்னலைத் திறக்கும். அதில் 'இம்போர்ட் அண்ட் பேக்கப்' மெனுவுக்குள் 'எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ் டு ஹெச்டிஎம்எல்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேக்கில் சஃபாரி என்றால் மேலே 'ஃபைல்' மெனுவிலேயே எக்ஸ்போர்ட் உண்டு.

எந்தப் பிரவுசரில் எடுத்தாலும் கிடைப்பது ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல். அதை நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். நெட்ஸ்கேப் பிரவுசருக்கான ஆதரவு 2008-லேயே முடிந்துபோனது; அது வகுத்த புக்மார்க் ஃபைல் வடிவத்தைத்தான் எல்லாப் பிரவுசரும் இன்றுவரை பேசுகிறது. எனவே குரோமில் எடுத்தது ஃபயர்ஃபாக்ஸில் ஏறும், எட்ஜில் எடுத்தது சஃபாரியில் ஏறும். அந்த முதல் வரி இல்லாவிட்டால் அது புக்மார்க் ஃபைலே இல்லை என்று சந்தேகப்படலாம்.

அந்த ஃபைலில் இருப்பது முகவரி, தலைப்பு, ஃபோல்டர் அமைப்பு, சேர்த்த தேதி, பெரும்பாலும் சின்ன ஐகான். அவ்வளவுதான். பாஸ்வேர்ட் அதில் வராது. பார்த்த பக்கங்களின் வரலாறு வராது, திறந்து கிடக்கும் டேப்கள் வராது, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை புரோகிராம்) வராது. பாஸ்வேர்ட் மேனேஜரில் தனி எக்ஸ்போர்ட் உண்டு, அது வேறு ஃபைல். புது சிஸ்டத்தில் புக்மார்க்கை அழுத்தியதும் பழையபடி உள்ளே போகவில்லை, லாகின் கேட்கிறது என்றால் எக்ஸ்போர்ட்டில் பிழை இல்லை.

ஃபைல் வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை

வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: தவறான ப்ரொஃபைல். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரே சிஸ்டத்தில் முதலாளி ஒரு கூகுள் கணக்கிலும், கணக்கர் இன்னொன்றிலும், மெர்ச்சண்டைசர் மூன்றாவதிலும் உட்காரும் ஆபீஸ் நிறைய. குரோம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ப்ரொஃபைல் வைத்திருக்கும். ஒன்றின் புக்மார்க் இன்னொன்றுக்குத் தெரியாது. டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானை அழுத்தினால் எது கடைசியாகத் திறந்திருந்ததோ பல சமயம் அதுவே திறந்துகொள்ளும். அதில் போய் எக்ஸ்போர்ட் அடித்தால், அந்த ப்ரொஃபைலில் புக்மார்க்கே இல்லாதபோதும் குரோம் பேசாமல் ஒரு ஃபைலைக் கொடுத்துவிடும். பிழை என்று எந்த அறிவிப்பும் வராது.

கண்டுபிடிக்க எளிய வழி ஃபைலின் அளவு. ஒரு கேபி அல்லது அதற்குக் கீழே இருந்தால் உள்ளே வெறும் தலைப்பு வரிகள்தான். ஐகானும் சேர்வதால் ஒரு புக்மார்க்குக்குச் சுமாராக அரை கேபியிலிருந்து ஒன்றிரண்டு கேபி வரை ஆகும். இருநூறு முகவரி வைத்திருந்தவருக்கு நூறு கேபியாவது வர வேண்டும். நாலு கேபி வந்தால் எங்கேயோ தப்பு.

சரிபார்க்கும் முறை: குரோமின் வலது மேல் மூலையில் வட்டமாக இருக்கும் படத்தையோ எழுத்தையோ அழுத்துங்கள். இந்தச் சிஸ்டத்தில் உள்ள எல்லா ப்ரொஃபைலும் பட்டியலாக வரும். ஒவ்வொன்றையும் திறந்து, புக்மார்க் மேனேஜரில் இடது பக்கம் எந்த ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று பார்த்து, வேண்டியதில் எக்ஸ்போர்ட் அடியுங்கள். மூன்று ப்ரொஃபைல் என்றால் மூன்று தடவை. ஃபைல் பெயரில் யாருடையது என்று சேர்த்து எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் எடுத்த மூன்றும் ஏறக்குறைய ஒரே பெயரில் நின்று குழப்பும். பெயரில் குரோம் தானாகச் சேர்க்கும் தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். மொழி அமைப்பைப் பொறுத்து மாதம் முன்னால் வரலாம். 3_4 என்று இருப்பது மார்ச் நாலா, ஏப்ரல் மூன்றா என்பதை எக்ஸ்ப்ளோரரின் 'டேட் மாடிஃபைடு' பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கெஸ்ட் ஜன்னலில் புக்மார்க்கே இருக்காது. அங்கே தேடிப் பயனில்லை.

இன்னொரு குழப்பம் குரோமின் 'ரீடிங் லிஸ்ட்'. பிறகு படிக்கலாம் என்று அதில் போட்டவை புக்மார்க் ஆகாது. எக்ஸ்போர்ட் ஃபைலில் சிலது மட்டும் காணவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். எட்ஜின் 'கலெக்‌ஷன்ஸ்' கதையும் அதேதான். மேலும், புதிய குரோமில் லாகின் செய்திருந்தால் கணக்கில் உள்ள புக்மார்க்குகளும் இந்தச் சிஸ்டத்தில் மட்டும் உள்ளவையும் மேனேஜரில் தனித்தனிப் பகுதியாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால், எடுத்த ஃபைலைத் திறந்து இரண்டு பகுதியிலிருந்தும் ஒவ்வொரு தலைப்பைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் அழுத்தினேன், ஃபைலையே காணோம்

குரோம் இந்த ஃபைலை டவுன்லோட் கணக்கில் சேர்ப்பதில்லை, நேராக டிஸ்கில் எழுதிவிடும். அதனால் கண்ட்ரோல் ஜே அழுத்தி டவுன்லோட் பட்டியலில் தேடினால் கிடைக்காது. சேவ் ஜன்னல் எந்த ஃபோல்டரைக் காட்டுகிறதோ அங்கேதான் ஃபைல் போகும். அவசரத்தில் எண்டர் அடித்திருந்தால் பென்டிரைவிலேயோ 'டி' டிரைவில் ஏதோ ஒரு பில் ஃபோல்டரிலேயோ போய் உட்கார்ந்திருக்கும். பொறுமையாக மறுபடி எக்ஸ்போர்ட் அழுத்துங்கள். சேவ் ஜன்னல் மேலே எந்த ஃபோல்டர் பெயர் இருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பழையதும் இருக்கும்.

சேவ் ஜன்னலே வரவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். முதலாவது, இரண்டு மானிட்டர் வைத்திருந்தால் ஜன்னல் அடுத்த மானிட்டரிலோ, மற்ற ஜன்னல்களுக்குப் பின்னாலோ திறந்திருக்கும். ஆல்ட் டேப் அழுத்தினால் தெரியும். இரண்டாவது, குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆபீஸ் அட்மின் போட்ட கட்டுப்பாடு காரணமாக இருக்கலாம்; ஃபைல் தேர்ந்தெடுக்கும் ஜன்னலையே முடக்கும் அமைப்பு குரோமில் உண்டு. முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் அடித்தால் என்னென்ன கட்டுப்பாடு என்று பட்டியல் வரும். சில ஆன்டிவைரஸ்களும் இப்படி அமைப்பைப் போட்டுவைப்பதால் வீட்டு சிஸ்டத்திலும் அந்த வரி தெரியக்கூடும், அதற்காக வெசனப்பட வேண்டாம். மூன்றாவது, எக்ஸ்டென்ஷன் ஏதாவது புக்மார்க் மேனேஜர் பக்கத்தையே மாற்றியிருக்கலாம். புக்மார்க் வேலைக்கென்று போட்ட எக்ஸ்டென்ஷனை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

சேவ் ஜன்னல் வந்து, ஃபைல் எழுதப்படவில்லை என்றால் விண்டோஸ் பாதுகாப்பைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் பாதுகாப்புக்கான 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' போட்டிருந்தால், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத புரோகிராம் எழுதுவதை அது தடுக்கும். அதை அணைத்துவைப்பதைவிட டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேவ் செய்துகொள்வது சுலபம், பாதுகாப்பும் குலையாது.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் என்றால், அதன் 21.10 பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப் என்ற தனியாக அடைக்கப்பட்ட வடிவில் வருகிறது. அது உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு வெளியே எழுத அனுமதி இல்லாமல் திணறலாம், பென்டிரைவிலும் அப்படி ஆகலாம். ஹோமுக்குள் டவுன்லோட்ஸில் எடுத்துவிட்டு, ஃபைல் மேனேஜர் வழியாகப் பென்டிரைவுக்கு நகலெடுங்கள்.

ஃபைலைத் திறந்தால் வெறும் லிஸ்ட் வருகிறது

'ஏனுங்ண்ணா, ஃபைலை டபுள் கிளிக் பண்ணுனா எல்லா லிங்க்கும் தெரியுது, ஆனா மேல பட்டையில ஒண்ணும் வரலீங்களே' என்பது இதன் வழக்கமான வடிவம். டபுள் கிளிக் செய்தால் பிரவுசர் அதை ஒரு வெப் பக்கமாகக் காட்டும், அவ்வளவுதான். உள்ளே ஏற்ற வேண்டுமானால் புது சிஸ்டத்தின் புக்மார்க் மேனேஜரில், அதே மூன்று புள்ளியில் 'இம்போர்ட் புக்மார்க்ஸ்' அழுத்தி இந்த ஃபைலைக் காட்ட வேண்டும். எட்ஜில் செட்டிங்ஸுக்குள் பிரவுசர் டேட்டா இம்போர்ட் பகுதியில் ஹெச்டிஎம்எல் ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் வழி இருக்கிறது.

அப்படித் திறந்த பக்கத்தில் கண்ட்ரோல் எஸ் அழுத்தி மறுபடி சேவ் செய்யாதீர்கள். பிரவுசர் அந்தப் பக்கத்தைத் தன் பாணியில் மாற்றி எழுதும், இம்போர்ட்டில் ஃபோல்டர் அமைப்பு சிதையலாம். நகல் வேண்டுமானால் எக்ஸ்ப்ளோரரில் ஃபைலையே காப்பி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள். ஃபோனில் திறந்தால் வெறும் புரோகிராம் எழுத்தாகத் தெரிந்தாலும் புது சிஸ்டத்தில் இறக்கினால் வேலை செய்யும்.

இம்போர்ட் முடிந்தும் பட்டையில் தெரியவில்லையா? ஏற்கெனவே சில புக்மார்க் இருந்த பிரவுசர் என்றால், புதியவை 'இம்போர்டட்' என்ற தனி ஃபோல்டராகப் பட்டையின் கடைசியிலோ 'அதர் புக்மார்க்ஸ்' உள்ளேயோ போயிருக்கும். தெரியவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி இம்போர்ட் அடித்தால் ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலும் இன்னொரு முறை சேரும். குரோம் இரட்டிப்பைக் கழிக்காது. சின்க் (ஒரே கணக்கில் உள்ள சிஸ்டங்களையும் ஃபோனையும் ஒத்துப்போகவைக்கும் வசதி) போட்டிருந்தால் அந்த நகல்கள் எல்லாம் ஃபோனுக்கும் போய்ச் சேரும்.

ஃபயர்ஃபாக்ஸில் இரண்டு கதவு

ஃபயர்ஃபாக்ஸின் 'இம்போர்ட் அண்ட் பேக்கப்' மெனுவில் 'பேக்கப்' என்றும் ஒன்று இருக்கிறது, 'எக்ஸ்போர்ட்' என்றும் ஒன்று இருக்கிறது. பேக்கப் கொடுப்பது ஜேசன் ஃபைல். அது ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும்தான் புரியும். அதைக் கொண்டுபோய்க் குரோமில் இம்போர்ட் செய்தால் நடக்காது. குரோமுக்குப் போவதென்றால் ஹெச்டிஎம்எல் எக்ஸ்போர்ட்தான். ஃபயர்ஃபாக்ஸிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கே போவதென்றால் ஜேசன் நல்லது, அமைப்பு அப்படியே வரும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் 'ரீஸ்டோர்'. அது இருக்கும் புக்மார்க்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, பேக்கப்பில் உள்ளதை மட்டும் வைக்கும். புது சிஸ்டத்தில் ஒரு வாரமாகச் சேர்த்தது எல்லாம் ஒரே அழுத்தில் போகும். ஹெச்டிஎம்எல் இம்போர்ட்டோ இருப்பதோடு சேர்க்கும். ரீஸ்டோர் அழுத்தும் முன் இப்போது இருப்பதை ஹெச்டிஎம்எல்லாக எடுத்துவைத்துக்கொண்டால் போதும்.

அதே ரீஸ்டோர் மெனுவில் தேதிவாரியாக ஒரு பட்டியல் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே பேக்கப் எடுத்து, இயல்பாகப் பதினைந்து வரை ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறது. புக்மார்க் திடீரென்று மறைந்துவிட்டால் எக்ஸ்போர்ட்டைப் பற்றி யோசிக்கும் முன் இதில் முந்தாநாள் தேதியை எடுத்துப் பாருங்கள். லைப்ரரியே காலியாகத் தெரிந்தால் உதவி மெனுவில் 'மோர் ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் கீழே 'பிளேசஸ் டேட்டாபேஸ்' பகுதியில் 'வெரிஃபை இன்டெக்ரிட்டி' பட்டன் இருக்கும். அது புக்மார்க் தரவுத்தளத்தைச் சோதித்து, முடிந்தால் சரியும் செய்யும். யாராவது ஃபயர்ஃபாக்ஸை 'ரீஃப்ரெஷ்' செய்திருந்தால், டெஸ்க்டாப்பில் 'ஓல்ட் ஃபயர்ஃபாக்ஸ் டேட்டா' என்று ஒரு ஃபோல்டர் கிடக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறியானால்

எக்ஸ்போர்ட் ஃபைல் யூடிஎஃப்-8 எழுத்துமுறையில் வரும், தமிழ் அதில் பத்திரமாக இருக்கும். கெடுவது பிறகு. யாரோ ஒருவர் பழைய விண்டோஸ் நோட்பேடில் திறந்து ஒரு வரியைத் திருத்தி 'ஆன்சி' என்று சேவ் செய்தால், தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அது திரும்பாது, மூல ஃபைலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடின் இயல்பே யூடிஎஃப்-8 ஆனதால் இந்தப் பிரச்சினை குறைந்துவிட்டது. பழைய சிஸ்டத்தில் திருத்துவதானால் சேவ் ஜன்னலின் அடியில் இருக்கும் 'என்கோடிங்' பெட்டியைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

தலைப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து தெரிந்தால் அது வேறு கதை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, திஸ்கி எழுத்துமுறைக் காலத்துத் தமிழ்த் தளங்களில் சேர்த்த புக்மார்க் அப்படித்தான் இருக்கும். அந்தப் பக்கத்தின் தலைப்பே யூனிகோடில் இல்லை. எக்ஸ்போர்ட்டில் குறை எதுவும் இல்லை. வேண்டுமானால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

ஃபோனில் எக்ஸ்போர்ட் எங்கே?

ஆண்ட்ராய்டு குரோமில் இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஃபோனில் சின்க் போட்டு, அதே கணக்கில் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்தால் ஃபோன் புக்மார்க்குகள் 'மொபைல் புக்மார்க்ஸ்' ஃபோல்டரில் வந்து நிற்கும். அங்கிருந்து எக்ஸ்போர்ட் செய்யலாம். கம்ப்யூட்டரே இல்லை என்றால் கூகுள் டேக்அவுட் தளத்தில் (கூகுள் கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் தளம்) எல்லா டிக்கையும் எடுத்துவிட்டுக் குரோமை மட்டும், அதற்குள் புக்மார்க்ஸை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஜிப் ஃபைலுக்கான இணைப்பு மெயிலில் வரும். அந்த இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். சின்க்குக்குத் தனி 'பாஸ்ஃபிரேஸ்' போட்டிருந்தால் கூகுளாலும் அந்தத் தரவைப் படிக்க முடியாது, ஆகவே டேக்அவுட்டில் வராது, கம்ப்யூட்டர் வழிதான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஐஓஎஸ் 18.2 முதல் செட்டிங்ஸில் ஆப்ஸ், சஃபாரி என்று போனால் எக்ஸ்போர்ட் வசதி உண்டு.

ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைச் செய்வதானால், வேலை முடிந்ததும் கணக்கை வெளியேற்றுங்கள், எடுத்த ஃபைலையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். சென்டர் சிஸ்டத்தில் சின்க் ஆகிவிட்ட புக்மார்க்குகள் அடுத்தவர் கண்ணில் படும்.

பிரவுசரே திறக்கவில்லை, அல்லது சிஸ்டமே போய்விட்டது

இந்த நிலையிலும் பெரும்பாலும் வழி இருக்கிறது. அட்டாலியில் தூக்கிப் போட்ட பழைய சிபியுவில் டிஸ்க் நன்றாக இருந்தால் போதும். டிஸ்கைக் கழற்றி, சாட்டாவை யுஎஸ்பியாக்கும் கேபிளில் மாட்டினால் புது சிஸ்டத்தில் ஒரு டிரைவாகத் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டரில் பழைய பெயரைத் திறக்கும்போது அனுமதி கேட்டால் 'கன்டினியூ' கொடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால்தான் ஆப்டேட்டா ஃபோல்டர் கண்ணில் படும். அதற்குள் லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டீஃபால்ட் என்று இறங்குங்கள். இரண்டாவது, மூன்றாவது ப்ரொஃபைல்கள் 'ப்ரொஃபைல் 1', 'ப்ரொஃபைல் 2' என்ற ஃபோல்டர்களில் இருக்கும். எட்ஜுக்கு, கூகுள், குரோம் என்பதற்குப் பதில் மைக்ரோசாஃப்ட், எட்ஜ் என்று போக வேண்டும்.

அங்கே 'புக்மார்க்ஸ்' என்ற பெயரில், வால் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) எதுவும் இல்லாத ஒரு ஃபைல் இருக்கும். அதே பெயரில் 'பேக்' என்ற வாலோடு இன்னொன்றும் இருக்கும். இரண்டையும் உடனே வேறிடத்துக்குக் காப்பி செய்யுங்கள். இவை குரோமின் சொந்தக் கிடங்கு. ஹெச்டிஎம்எல் அல்ல, இம்போர்ட் மெனுவில் காட்டினால் ஏறாது. அதனால் இவற்றை ஒரு குரோம் ப்ரொஃபைலுக்குள் வைத்து, அங்கிருந்து எக்ஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

1. புது சிஸ்டத்தின் குரோமில் புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்குங்கள். கூகுள் கணக்கு கேட்டால் கொடுக்காமல் தாண்டுங்கள். சின்க் இருந்தால் அது பழைய ஃபைலோடு மல்லுக்கு நிற்கும்.
2. அந்த ப்ரொஃபைலில் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, வெர்ஷன் என்று அடியுங்கள். 'ப்ரொஃபைல் பாத்' என்று ஒரு வரி வரும். அதுதான் அந்த ப்ரொஃபைல் இருக்கும் இடம். காப்பி செய்துகொள்ளுங்கள்.
3. குரோமை முழுதாக மூடுங்கள். ஜன்னலை மூடுவது போதாது. பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் குரோம் என்று ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் வைத்த ஃபைலின் மேல் தன்னுடையதை எழுதிவிடும்.
4. காப்பி செய்த இடத்தை எக்ஸ்ப்ளோரரில் ஒட்டித் திறந்து, பழைய 'புக்மார்க்ஸ்' ஃபைலை அங்கே வையுங்கள்.
5. குரோமைத் திறந்து அந்த ப்ரொஃபைலில் எல்லாம் தெரிகிறதா என்று பார்த்து, வழக்கம்போல எக்ஸ்போர்ட் எடுங்கள்.

புக்மார்க் தெரியவில்லை என்றால் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். அடைப்புக்குறியும் முகவரிகளுமாக எழுத்து இருந்தால் நல்லது. அளவு பூஜ்யமாகவோ, உள்ளே வெறும் வெற்றிடமாகவோ இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது போன்ற சமயத்தில் கெட்டது. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன ஆபீஸ்களில் இது சகஜம். அப்போது 'பேக்' வால் ஃபைலை எடுத்து, வாலை வெட்டி 'புக்மார்க்ஸ்' என்று பெயர் மாற்றி, மேலே சொன்ன மூன்றாவது படியிலிருந்து செய்யுங்கள். விண்டோஸ் வால்களை மறைத்துவைத்திருந்தால் பெயர் மாற்றுவதில் ஏமாறுவீர்கள். எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்துவிட்டு மாற்றுங்கள்.

தவறிப்போய் ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டாலும் இந்த 'பேக்' ஃபைல்தான் துணை. புக்மார்க் மேனேஜரில் உடனே கண்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்பிவிடும். அது தவறிவிட்டால் குரோமைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காமல், முதலில் 'பேக்' ஃபைலைக் காப்பி செய்யுங்கள். மறுபடி குரோம் திறந்து புக்மார்க்கில் ஏதாவது மாறினால் அதன் மேல் புதியது ஏறி, பழையது போகும். சின்க் இருக்கும் கணக்கு என்றால் அழித்தது மற்ற சிஸ்டத்துக்கும் போய்ச் சேரும். வேறொரு லேப்டாப் இன்னும் திறக்காமல் இருந்தால் முதலில் அதன் வைஃபையை அணைத்து, பிறகு பிரவுசரைத் திறந்து எக்ஸ்போர்ட் எடுங்கள்.

ஒரு ஃபோல்டர் மட்டும் வேண்டும் என்றால்

வேலையை விட்டுப் போகிறவர் ஆபீஸ் முகவரிகளை மட்டும் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும், சொந்தச் சமாச்சாரம் வேண்டாம் என்பார். குரோமில் ஒரு ஃபோல்டரை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யும் பட்டன் கிடையாது, எப்போதும் மொத்தமும் வரும். நோட்பேடில் வெட்டித் திருத்துவதைவிட, கணக்கில்லாத புது ப்ரொஃபைலில் முழு ஃபைலையும் இம்போர்ட் செய்து, வேண்டாததை அங்கே அழித்து, மறுபடி எக்ஸ்போர்ட் எடுப்பது சுத்தம். பிறகு அந்த ப்ரொஃபைலை நீக்கிவிடலாம். அழித்தது எங்கேயும் சின்க் ஆகாது, அசல் அப்படியே இருக்கும்.

இந்த ஃபைலில் எதுவும் பூட்டப்பட்டிருக்காது, யார் திறந்தாலும் படிக்கலாம். எந்த வங்கி, எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பார்ட்டியின் டிரைவ் லிங்க் என்று எல்லாம் எழுத்தாகவே இருக்கும். குரூப்பில் போட வேண்டாம், ஆளுக்கு நேராக அனுப்புங்கள்.

ஃபார்மட் அடிக்கும் முன் ஐந்து நிமிடம்

ஃபைலை நோட்பேட்++ போன்ற எடிட்டரில் திறந்து, தேடல் ஜன்னலில் ஹெச்-ஆர்-இ-எஃப் என்ற நாலு ஆங்கில எழுத்தையும் அதை ஒட்டி ஒரு சமக்குறியையும் போட்டு 'கவுன்ட்' அழுத்தினால் ஏறக்குறைய எத்தனை புக்மார்க் என்று எண் வரும். இருநூறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது வந்தால் தவறான ப்ரொஃபைல். எண் சரி என்றால் புது சிஸ்டத்தில் இம்போர்ட் செய்து, பட்டையில் இருக்கும் ஃபோல்டர் ஒன்று, அதற்குள் ஃபோல்டர் ஒன்று, தமிழ்த் தலைப்பு ஒன்று, ஃபோனில் சேர்த்தது ஒன்று என்று நாலைத் திறந்து பாருங்கள். ஃபைலின் ஒரு நகல் பென்டிரைவிலும் இன்னொன்று மெயிலிலும் இருக்கட்டும். பழைய டிஸ்கை ஒரு மாதத்துக்காவது அப்படியே வைத்திருங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் நாளில்தான் இன்னொரு ப்ரொஃபைல் இருந்தது நினைவுக்கு வரும்.